வாரிசுக்கு விசில் இல்லை

2023 மே 10. சேப்பாக்கத்தில் டெல்லி கேப்பிட்டல்ஸை ஜெயித்த பிறகு, ஆட்ட நாயகன் விருதை வாங்கிக்கொண்டு ரவீந்திர ஜடேஜா ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். தான் கொஞ்சம் மேல் வரிசையில் இறங்கினால், எப்போது அவுட் ஆவார் என்று கூட்டம் காத்திருக்கும் என்பது அதன் சாரம். அதை ஜோக்காக எடுத்துக்கொண்டோம். மீம் போட்டோம். சொந்த மைதானத்தில், மஞ்சள் சட்டை போட்ட ஒரு ஆட்டக்காரர், சொந்த ரசிகர்களே தன் விக்கெட்டை எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்கிறார். வேறு ஊரில் இது நடந்திருந்தால் அந்த ஊரைக் கிழித்திருப்போம். நம் ஊரில் நடந்ததால் பாசம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து அகமதாபாத்தில் இறுதிப்போட்டி. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். மோகித் சர்மாவை ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்து ஐந்தாவது கோப்பையை வாங்கித் தந்தவர் அதே ஜடேஜா. அந்த ஆட்டத்தில் தோனி முதல் பந்திலேயே அவுட்.

தோனி பெரியவரா, ருதுராஜ் பெரியவரா என்று பேச யூடியூபில் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் இங்கே விஷயம். ஒவ்வொரு வருடமும் மார்ச் கடைசியில் தொடங்கி மே வரைக்கும் இந்த ஊர் இரண்டே கேள்விகளைத் திரும்பத் திரும்பப் பேசுகிறது. பையன் தேறுவானா? பிளே ஆஃப் போவோமா? இந்தப் பேச்சை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் என்ன கிடைக்கும்?

*

மேட்ச் நாளன்று சாயங்காலம் வேளச்சேரியிலிருந்து கடற்கரை போகும் பறக்கும் ரயிலில் ஏறிப் பாருங்கள். கஸ்தூர்பா நகரில் நாலு மஞ்சள் சட்டை, மந்தைவெளியில் பத்து, திருமயிலையில் ஒரு கும்பலே ஏறும். சேப்பாக்கம் வருவதற்குள் ஒரு முழு விவாதம் நடந்து முடிந்திருக்கும்.

"இவன் நல்ல பிளேயர்தான் சார். ஆனா கேப்டன் மெட்டீரியல் கிடையாது."

"பவர் பிளேலயே ஸ்பின் குடுத்திருக்கணும். அங்கதான் கோட்டை விட்டான்."

"விடு மச்சி, தல பின்னாடி நின்னு பாத்துப்பாரு."

முதல் இரண்டும் விவாதத்தைத் தொடங்கும் வாக்கியங்கள். மறுக்கலாம், ஆதாரம் கேட்கலாம். மூன்றாவது வந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு மறுப்பு கிடையாது.

இந்தப் பேச்சில் மூன்று வகைகள் கலந்து கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று கணக்கு: நெட் ரன் ரேட், மிச்சமிருக்கும் ஆட்டங்கள், யார் யாரிடம் தோற்க வேண்டும். இரண்டாவது ஜாதகம்: இந்தப் பையன் வருங்காலத்தில் என்ன ஆவான். மூன்றாவது புராணம்: அவர் ஒருவர் இருக்கிறார், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். கணக்கும் ஜாதகமும் பொய்த்துப்போகக் கூடியவை. அதனால்தான் அவற்றில் விவாதம் சாத்தியம். புராணம் பொய்க்காது. என் புகாரே, இந்த மூன்றாவது வகை மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது என்பதுதான்.

*

கணக்கை எப்படி விழுங்கியது என்பதற்கு 2024 மே 18 நல்ல உதாரணம். பெங்களூரு சின்னசாமி மைதானம். ஆர்சிபி 218 அடித்தது. சென்னை ஜெயிக்க 219 வேண்டும். ஆனால் பிளே ஆஃபுக்கு 201 போதும். 17 ரன்னில் தோற்றால் உள்ளே, 18 ரன்னில் தோற்றால் வெளியே. தோற்றுக்கொண்டே ஜெயிக்கலாம் என்கிற இந்த விசித்திரக் கணக்கை லஸ் கார்னர் டீக்கடையில் பத்தாவது படிக்கும் பையன்கூட பிசகாமல் விளக்கினான். இந்த ஊருக்கு எண்ணில் பயம் கிடையாது.

கடைசி ஓவரில் தகுதி பெற 17 தேவை. யஷ் தயாளின் முதல் பந்தை தோனி 110 மீட்டர் அடித்தார். பந்து மைதானத்தைவிட்டே போய்விட்டது. அடுத்த பந்தில் அவுட். மிச்ச நாலு பந்தில் ஒரே ஒரு ரன். மொத்தம் 191, 27 ரன்னில் தோல்வி, ஐந்தாம் இடம்.

பிறகு நாம் எதைப் பேசினோம்? அந்த சிக்ஸரை. "கடைசி மேட்ச்சா இருந்தாலும் என்னா அடி!" என்பதை. அப்போது ஆர்சிபியில் இருந்த தினேஷ் கார்த்திக், பந்து வெளியே போனதால் வேறு பந்து கிடைத்ததுதான் தங்களுக்கு உதவியது என்று சொன்னார். அதாவது எதிரணி அந்த சிக்ஸரைத் தங்கள் அதிர்ஷ்டமாகப் பார்த்தது. நாம் அதை நினைவுச் சின்னமாக்கினோம். கேப்டன் முதல் பந்திலேயே மேக்ஸ்வெல்லிடம் அவுட் ஆனது, 61 அடித்திருந்த ரச்சின் ரவீந்திரா ரன் அவுட் ஆனது, முஸ்தஃபிசுர் நாட்டுக்காக ஆடத் திரும்பிப் போனது, பதிரானாவும் தீபக் சாஹரும் காயத்தில் விழுந்தது, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பட்டியலில் ஐந்தாம் இடம் வந்தது. ஒரு சீசனின் உண்மையான கதை அங்கே இருந்தது. நாம் அதன் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டி ரீல்ஸ் ஆக்கிவிட்டோம்.

*

ஏன் இப்படி? ஒரு காரணம் நாம் வைக்கும் பெயர்களில் இருக்கிறது. தல, சின்னத் தல, தளபதி. மூன்றும் சினிமாவிலிருந்து வந்தவை. ஜடேஜாவுக்கு 'தளபதி' பட்டத்தை 2024 ஏப்ரலில் அணியே சமூக ஊடகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தது. ருதுராஜுக்கு ரசிகர்கள் 'ராக்கெட் ராஜா' என்று ஒன்று வைத்தார்கள். கேட்டாலே தெரியும், பாசமாக வைத்த பெயர்தான். ஆனால் மற்றவற்றுக்கு இருக்கும் வரிசைக்கிரமம் அதில் இல்லை. தலைக்குக் கீழே சின்னத் தல, தலைக்குப் பக்கத்தில் தளபதி. இந்தக் குடும்பத்தில் ராக்கெட் ராஜா எங்கே உட்காருவார்?

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரரான அஜித் குமார், 2021 டிசம்பரில், இனி என்னைத் தல என்று அழைக்க வேண்டாம் என்று அறிக்கை கொடுத்துவிட்டார். சினிமாக்காரர் பட்டத்தை இறக்கிவைத்தார். கிரிக்கெட் மைதானத்தில் நாம் அதை இறக்க விடவில்லை.

மாஸ் படத்தின் இலக்கணத்தில் ஹீரோ வரும் வரை மற்றவர்கள் செய்வதெல்லாம் முன்கதை. அவர்கள் அடிவாங்க வேண்டும். அப்போதுதான் என்ட்ரிக்கு அர்த்தம் வரும். ஐந்து விக்கெட் விழுவது சோகம் இல்லை, பில்டப். 2024 ஏப்ரலில் கொல்கத்தாவுடனான ஆட்டத்தில் தோனிக்கு முன்னால் இறங்குவதுபோல ஜடேஜா நடந்துவந்து, கூட்டத்தைச் சீண்டிவிட்டுத் திரும்பிப்போனார். பிறகு தோனி இறங்கியபோது எழுந்த சத்தத்தில் ஆண்ட்ரே ரஸல் காதைப் பொத்திக்கொண்டார். அந்தக் குறும்பு நமக்குப் புரிந்தது. ஜடேஜா ஒரு வருடம் முன்பு சொன்னதையே நடித்துக் காட்டினார் என்பது மட்டும் புரியவில்லை.

சினிமாவை கிரிக்கெட்டுக்குள் கொண்டுவருவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கொண்டாட்டத்துக்கு ஒரு மொழி வேண்டும், நமக்குக் கிடைத்த மொழி அது. பிரச்சினை, மாஸ் படத்தில் வாரிசு என்கிற பாத்திரமே கிடையாது என்பதில் இருக்கிறது. ஹீரோ மகனாகவும் அவரே வருவார். டபுள் ஆக்ட்.

*

இனி ஜாதகம். ருதுராஜிடம் 2024 மார்ச் 21 அன்று கேப்டன் பொறுப்பு வந்தபோது அவருக்கு வயது 27. எல்லோரும் "பையன்" என்றோம். "பையனுக்கு டைம் குடுங்க", "பையன் கத்துக்குவான்". 2008இல் இந்த அணியின் முதல் கேப்டனாக தோனி இறங்கியபோது அவருக்கு வயது 26. அவரை யாரும் பையன் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம் டி20 உலகக் கோப்பையை வாங்கியிருந்தார் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவருக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் நின்று பீல்டிங்கை நகர்த்தும் பெரியவர் அவருக்கு இருக்கவில்லை.

ருதுராஜின் ஜாதகத்தில் முதல் கட்டமே ஒரு அவமானத்தில்தான் தொடங்குகிறது. 2020 அக்டோபர் 19, அபுதாபியில் ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, இளைஞர்களை இறக்க வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு அவர்களிடம் ஒரு பொறியைக் காணவில்லை என்ற பொருளில் தோனி பேசினார். அதற்கு எதிராகக் கோபப்பட்டவர் யார் தெரியுமா? நம்ம சீக்கா. டிவியில் உட்கார்ந்து, அப்படியானால் கேதார் ஜாதவிடம் பொறி இருக்கிறதா, ஜெகதீசனிடம் இல்லையா என்று வெடித்தார் ஸ்ரீகாந்த். அந்தப் பேச்சை நான் விமர்சனத்துக்கு நல்ல உதாரணம் என்பேன். பெயர் சொல்லி, ஒப்பிட்டு, யாராக இருந்தாலும் கேள்வி கேட்பது. அதற்குப் பிறகு கிடைத்த ஆட்டங்களில் ருதுராஜ் தொடர்ந்து மூன்று அரைசதம் அடித்தார். அடுத்த வருடம் 635 ரன், ஆரஞ்சு கேப், கோப்பை.

2023இல் 590. கேப்டனாக 2024இல் 583. அந்த வருடம் அவருக்கு மேலே கோலி ஒருவர்தான். இந்த எண்களைச் சொன்னால் பதில் ரெடியாக இருக்கும்: "ரன் அடிக்கிறான், ஆனா அந்த இது இல்ல." அந்த 'இது' என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இலக்கியத்திலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறோம். இளம் எழுத்தாளரின் தொகுப்பைப் பற்றிப் பேசும்போது, "எல்லாம் நல்லாருக்கு, ஆனா அவர் எழுத்துல இருக்கிற அது இல்லையே" என்பார்கள். அவர் என்பது எப்போதும் முந்தைய தலைமுறை. இந்த 'இது'வும் 'அது'வும் வாதங்கள் இல்லை. இளையவர் எவ்வளவு உயரம் தாண்டினாலும் இன்னும் ஒரு அங்குலம் ஏற்றிவைக்கப்படும் கம்பு.

*

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. அணியின் மூளை, கை, முகம் எல்லாம் அந்த ஒருவர்தான். கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் பிரெட் ஃபார்வ் பதினாறு சீசன் ஆடினார். 2005இல் ஆரோன் ராட்ஜர்ஸ் என்ற இளைஞரை எடுத்து, மூன்று வருடம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். 2008 மார்ச்சில் ஃபார்வ் ஓய்வு என்றார். கோடையில் திரும்பி வருகிறேன் என்றார். அணி அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டு இளைஞரை நிறுத்தியது. ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. முதல் வருடம் ராட்ஜர்ஸ் 6 வெற்றி, 10 தோல்வி. பிளே ஆஃப் இல்லை. 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வாங்கினார். பிறகு அவரே பெரியவர் ஆனார். 2020இல் ஜோர்டன் லவ் வந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். 2023இல் ராட்ஜர்ஸும் அதே ஜெட்ஸுக்குப் போனார். லவ் முதல் வருடமே பிளே ஆஃபுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ரசிகர்கள் நம்மைவிடப் பக்குவம் என்று இதைச் சொல்லவில்லை. அவர்களும் கத்தினார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு குவார்ட்டர்பேக்தான் களத்தில் இருக்க முடியும். முதியவர் இருந்தால் இளையவர் பெஞ்சில். இளையவர் வந்தால் முதியவர் வெளியே. கிரிக்கெட்டில் இருவரும் ஒரே பதினொன்றில் இருக்கலாம். இளையவர் டாஸ் போட, முதியவர் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கலாம். கேமரா எந்த முகத்துக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கேப்டன் எடுத்த ரிவ்யூ சரியாக இருந்தால் அது பின்னால் நின்றவரின் கண். தப்பானால் பையனின் அவசரம். வெற்றியில் பங்கு இல்லாமல் தோல்விக்கு மட்டும் பொறுப்பேற்கும் வேலை அது. 2022இல் ஜடேஜா அந்த வேலையை மார்ச் 24 முதல் ஏப்ரல் 30 வரை பார்த்தார். முழுசாக ஆறு வாரம்கூட இல்லை.

*

சேப்பாக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. விஷயம் தெரிந்த கூட்டம் என்று. 1975 ஜனவரியில் ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்துக்கு எதிராக விஸ்வநாத் அடித்த 97 நாட் அவுட்டை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிற ஊர் இது. அணியின் மொத்த ஸ்கோரே 190. சதத்துக்கு மூன்று ரன் குறைந்த ஒரு இன்னிங்ஸை சதத்தைவிட மேலாக வைத்துக் கொண்டாடத் தெரிந்தவர்கள் நம் தாத்தாக்கள். 1999 ஜனவரி 31இல் டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றபோது, எழுந்து நின்று கைதட்டி எதிரணியை மைதானம் சுற்றவைத்தவர்கள் நம் அப்பா அம்மாக்கள்.

அந்தப் பெருமையில் கொஞ்சம் மயிலாப்பூர் மிதப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே மயிலாப்பூரில், இளையவரை எப்படி வளர்ப்பது என்பதற்கு ஒரு ஏற்பாடும் இருக்கிறது. டிசம்பர் சீசனில் இளம் பாடகர் மத்தியானக் கச்சேரியில் தொடங்குவார். அகாதமியில் ஜூனியர், சப் சீனியர், சீனியர் என்று படி ஏறுவார். மத்தியானத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்த இருபது பேரும் பாடுகிறவரைக் கேட்கத்தான் வந்திருப்பார்கள். சாயங்காலம் பாடப்போகும் வித்வானுக்காக, இந்தப் பெண் சீக்கிரம் முடிக்கட்டும் என்று யாரும் கைதட்டுவதில்லை. இன்றைய சேப்பாக்கத்தில் நடப்பது, ராகம் தானம் பல்லவி ஓடிக்கொண்டிருக்கும்போது துக்கடாவுக்காக விசில் அடிப்பது மாதிரி.

2025 ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிராக 184 இலக்கு. சென்னை 158 எடுத்தது, ஐந்து விக்கெட் மட்டும் இழந்து. கையில் ஐந்து விக்கெட்டை வைத்துக்கொண்டு 25 ரன்னில் தோற்றோம். தோனி 26 பந்தில் 30 நாட் அவுட். சேப்பாக்கத்தில் 2010க்குப் பிறகு டெல்லியிடம் முதல் தோல்வி. அடுத்த நாள் பேச்சு முழுக்க, அவருடைய அப்பா அம்மா ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்களே, இதுதான் கடைசி மேட்சா என்பதைப் பற்றி. ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

பேச நிறைய இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு ஆர்சிபியிடம் 2008க்குப் பிறகு முதல் முறையாகச் சேப்பாக்கத்தில் தோற்றபோது தோனி ஒன்பதாவதாக இறங்கினார். முட்டி பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் நிற்க முடியாது என்று ஃப்ளெமிங் வெளிப்படையாகச் சொன்னார். சேப்பாக்கத்தின் பிட்ச்சைத் தங்களால் கணிக்க முடியவில்லை, சொந்த மைதானம் என்ற சாதகமே இல்லை என்றும் அவர்தான் சொன்னார். சுழலை நம்பிக் கட்டிய அணிக்கு இது அஸ்திவாரப் பிரச்சினை. பிறகு ருதுராஜுக்கு முழங்கையில் எலும்பு முறிவு. தோனி மறுபடி கேப்டன். 14 ஆட்டம், 4 வெற்றி, பத்தாம் இடம். அணியின் வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி. தல பின்னாடி நின்று பார்த்துக்கொள்வார் என்ற வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. அந்த வாக்கியம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

*

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இது முட்டாள்தனமான அன்பு இல்லை. 2016, 17இல் அணியே இல்லாமல் போனது. 2018இல் திரும்பி வந்து கோப்பை வாங்கியபோது அழுதவர்கள் நாம். ஒரு மனிதர் பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரு ஊரின் கோடைக்காலமாக இருந்திருக்கிறார். இப்போது இருபத்தைந்து வயதாகும் ஒருவருக்கு, பள்ளிக்கூடம், காலேஜ், முதல் வேலை எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். அவர் போவதைப் பார்க்க மனசு வராதது, தன் பால்யம் முடிவதைப் பார்க்க மனசு வராததுதான். அதைக் கேலி செய்யும் உரிமை எனக்கு இல்லை.

ஆனால் அந்த துக்கத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று கேட்கலாம் இல்லையா? அணி நிர்வாகம் கட்டவில்லை, அவர்களுக்கு அரங்கம் நிறைகிறது. நாமும் கட்டவில்லை. தான் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு மைதானமே வேறு யாருக்காகவோ காத்திருப்பதைக் காதால் கேட்டுக்கொண்டே அடுத்த பந்துக்குத் தயாராகும் இளைஞன்தான் கட்டுகிறான்.

அடுத்த இளைஞனும் வந்துவிட்டான். 17 வயது ஆயுஷ் மாத்ரே, 2025 மே 3 அன்று பெங்களூருவில் 48 பந்தில் 94 அடித்தார். இரண்டு ரன்னில் தோற்றோம். ஏழு ஆட்டத்தில் 240 ரன். அன்றைக்கே பாண்டி பஜாரில் பேச்சு மாறிவிட்டது: "ருதுராஜ விடு, இவன்தான் அடுத்த கேப்டன்." ஒரு ஜாதகத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு அடுத்ததை எழுதத் தொடங்கிவிட்டோம். நவம்பரில் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போய், சஞ்சு சாம்சன் வந்தார். ருதுராஜ்தான் கேப்டன் என்று அணி சொல்லிவிட்டது. டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்கு ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் தலா 14.20 கோடிக்கு எடுத்தார்கள். இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். அவர்கள் முதல் ஆட்டத்தில் சொதப்பினால் "14 கோடி" என்பதே அவர்கள் பெயர் ஆகிவிடும்.

இதற்கு நடுவில் நம் ஊர்ப் பையன் ஒருவன் வளர்ந்தான். 2023 இறுதிப்போட்டியில் நமக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்த சாய் சுதர்சன், இதே சென்னையின் லீக் கிரிக்கெட்டிலும் டிஎன்பிஎல்லிலும் ஆடி வந்தவர். குஜராத் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2025இல் 759 ரன், ஆரஞ்சு கேப். நாம் கடைசி இடத்தில் இருந்த அதே வருடம். தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் எத்தனையோ மேட்ச் நடக்கும். ஒரு ஆட்டத்தின் மிட் ஆன் அடுத்த ஆட்டத்தின் ஸ்லிப்பில் நிற்பான். அங்கே அடுத்த சாய் சுதர்சன் இருக்கலாம். அவனைப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் கண்ணெதிரே ஆடுகிறவரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஜாதகத்துக்கு ஒரு விதிதான் தேவை: ஒரு சீசனாவது முழுக்கப் பார்த்துவிட்டு எழுதுவது. கணக்குக்கும் ஒன்றுதான்: கடைசி ஓவரிலிருந்து தொடங்காமல் முதல் ஓவரிலிருந்து தொடங்குவது.

2024 ஏப்ரல் 23. சேப்பாக்கம், லக்னோவுக்கு எதிராக. ருதுராஜ் 60 பந்தில் 108 நாட் அவுட். இந்த அணியின் கேப்டன் ஒருவர் ஐபிஎல்லில் சதம் அடித்தது அதுதான் முதல் முறை. தோனிகூடச் செய்யாதது. முதல் ஓவரிலிருந்து இருபதாவது ஓவர் வரை நின்றார். இன்னிங்ஸின் கடைசிப் பந்துக்கு தோனி இறங்கி, அந்த ஒரு பந்தில் ஒரு ஃபோர் அடித்தார். பிறகு ஸ்டாய்னிஸ் 124 அடித்து ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ராத்திரி நீங்கள் எந்த வீடியோவை யாருக்கு அனுப்பினீர்கள் என்று போனைத் திறந்து பாருங்கள்.